தொட்டிக்கு வந்த மாப்பிள்ளை

சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், முதலில் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். கதை எங்கேயும் ஓடிவிடாது. இதில் புழு வருகிறது. ஒன்றிரண்டு என்றால் நான் இப்படி எச்சரிக்க மாட்டேன்.

ஒரு பல் டாக்டர். அவளுக்கு அருவருப்பு என்பதே கிடையாது என்று அவள் புருஷன் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். பொய்யில்லை. சீழ் கோத்த ஈறு, வருஷக்கணக்காகக் கழற்றாத பல் செட்டுக்கு அடியில் பாசி மாதிரி படிந்திருப்பது, புகையிலை அதக்கி அதக்கிக் கரைந்துபோன கடைவாய், இதையெல்லாம் காலையில் பார்த்துவிட்டு மதியம் மாடிக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவாள். மறுசோறும் கேட்பாள். கீழே கிளினிக், மேலே வீடு.

கிளினிக்கின் முன் ஹாலில், நோயாளிகள் காத்திருக்கிற நாற்காலிகளுக்கு எதிரே, ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. கடல் தண்ணீர்த் தொட்டி. அது அவள் மாமனாருடையது. அவர் கப்பல்களில் குழாய் ஃபிட்டராக வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு தனி வீட்டில், அந்தத் தொட்டியும் தானுமாக இருந்தார். கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்தவர் தீ எரிகிறது என்று தெரியாமலே அதன்மேல் கையை நீட்ட, சட்டைக் கை பற்றிக்கொண்டது. நல்லவேளை, பக்கத்திலேயே வாளியில் தொட்டித் தண்ணீர் இருந்தது. அந்தக் கருகிய சட்டையைப் பார்த்த அன்றே மருமகள், "மாமா, நீங்க எங்ககூட வந்துடுங்க" என்று சொல்லிவிட்டாள். புருஷன் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள்.

"நான் வந்தா தொட்டியும் வரும்மா" என்றார் அவர்.

"வரட்டும் மாமா."

கல்லும் கண்ணாடியும் உப்புத்தண்ணீருமாக அது ஒரு யானைக்குட்டி கனம். மாடித் தரை தாங்காது. அதனால் கிளினிக் ஹாலுக்கு வந்தது. வந்ததில் லாபம்தான். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி, தட்டு மாதிரி ஒரு மஞ்சள் மீன், அப்புறம் கொத்தனார். கொத்தனார் விரல் நீள மீன். நாளெல்லாம் மணலை வாய் நிறைய அள்ளி, செவுள் வழியாகத் துப்பி, தன் வளை வாசலில் குவித்துக்கொண்டே இருக்கும். பல் வலியோடு வருகிற குழந்தைகள் கொத்தனாரைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிடும். அந்தப் பெயரை வைத்ததும் அப்படி ஒரு குழந்தைதான்.

மாமனார் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். மஞ்சள் போனால் தெரியும், ஆரஞ்சு போனால் தெரியும். மற்றதெல்லாம் அவருக்குத் தண்ணீர்தான்.

ஒரு மதியம் மின்சாரம் போயிற்று. வெயிலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்ததால் ஹால் கிணறு மாதிரி இருண்டுவிட்டது. ஓர் அம்மா சின்ன மகளைக் கூட்டி வந்திருந்தாள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு அந்தப் பெண் தொட்டி எதிரே நிற்க, டாக்டர் தன் அறை வாசலில் நின்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பல்லுல பூச்சின்னு ஒண்ணு கிடையவே கிடையாதும்மா. சும்மா சொல்றாங்க. யாராவது கண்ணால பாத்திருக்காங்களா? இடுக்குல சாப்பாடு தங்குது, அழுகுது, பல்லு சொத்தையாகுது. அவ்வளவுதான்."

"அப்ப பூச்சியே இல்லைங்கறீங்க."

"இல்லவே இல்லை."

"அம்மா, பூச்சி" என்றாள் மகள். அவள் கையில் அம்மாவின் செல்போன். அதன் வெளிச்சம் தொட்டியில் விழுந்திருந்தது.

விளக்கு அணைந்ததும் கல்லுக்குள் இருந்தவை வெளியே வந்திருந்தன. முதலில் ஒன்று. வெந்த இறைச்சியின் நிறம். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக மயிர். கல்லின் ஓட்டையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளம் வந்தும் வால் வரவில்லை. அதன் உடம்பு நிற்காமல் சுருங்கி விரிந்தது, யாரோ உள்ளிருந்து விழுங்கிக்கொண்டிருப்பது மாதிரி. டாக்டர் கிட்டே வந்து குனிந்தபோது மற்ற ஓட்டைகளும் தெரிந்தன. ஓட்டைக்கு ஒரு தலை. சிலவற்றில் இரண்டு. மணலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பொடிப்பொடியாக, நூல் நூலாக, பின்னிக்கொண்டு நெளிந்தன.

அம்மா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயில் பஞ்சோடேயே கொண்டுபோய்விட்டாள். பூச்சி இருக்கிறது என்று இனி அவள் சொன்னால் யாரால் மறுக்க முடியும்?

டாக்டர் கை கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அவளுடைய உதவிக்காரி, எந்நேரமும் கையில் பஞ்சோடு நிற்பதால் அவளுக்குப் பெயரே பஞ்சு, முதுகைத் தடவிவிட்டாள்.

"என்ன டாக்டரம்மா, விசேஷமா?"

"வாயை மூடு. போய் அந்தத் தொட்டி மேல ஒரு துணியைப் போடு."

மாலையில் மேலே பேச்சு நடந்தது.

"மாமா, உங்க தொட்டியில புழு இருக்கு."

"எங்கம்மா? நான் தினம் பாக்கறேனே."

"நீங்க பாக்கறது மஞ்சள் மீனை. இது கல்லுக்குள்ள. கை நீளம்."

"அதுல மயிரு வேற முளைச்சிருக்குப்பா" என்றான் மகன், தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு. "தொட்டியை எடுத்துடலாம். ஆஸ்பத்திரியில புழுன்னு வெளிய தெரிஞ்சா எவன் வந்து வாயைத் திறப்பான்?"

மாமனார் கோபப்படவில்லை. தண்ணீர் டம்ளரைத் தடவி எடுத்துக் குடித்தார். "எடுத்துடு. அப்படியே என்னையும் கொண்டுபோய் என் வீட்டுல விட்டுடு. நாள் பூரா சுவத்தைப் பாத்துட்டு இங்க உக்காந்திருக்க என்னால ஆகாது. அந்த மஞ்சளும் போயிட்டா எனக்கு என்ன தெரியும்?"

டாக்டருக்கு அந்தக் கருகிய சட்டைக் கை கண்முன் வந்தது. தொட்டி போனால் மாமனார் போவார். மாமனார் போனால் அந்த அடுப்பு காத்திருக்கிறது. தொட்டி இருந்தால் புழு. புழு இருந்தால் கிளினிக் படுக்கும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் போகவேண்டியது புழு ஒன்றுதான்.

"தொட்டி இருக்கட்டும். புழுவை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

முதலில் புருஷன் வீரம் காட்டினான். வெறுங்கையை உள்ளே விட்டு ஒன்றைப் பிடித்து இழுத்தான். அதன் மயிர் மயிரில்லை, கண்ணாடித் தூள் மாதிரி முள். விரலெல்லாம் ஏறிக்கொண்டது. டாக்டர் பிளாஸ்திரியை ஒட்டி ஒட்டிப் பிய்த்து அதை எடுத்தாள். ஒவ்வொரு பிய்ப்புக்கும் அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்றான். பிடித்த புழுவோ பாதியில் அறுந்து, ஒரு பாதி அவன் கையிலும் ஒரு பாதி கல்லுக்குள்ளுமாகப் போய்விட்டது. கையில் இருந்த பாதியும் நெளிந்தது.

மறுநாள் அவள் வளர்ப்பு மீன் கடைக்குப் போனாள். உப்பும் ஈரச் சாக்கும் நாறுகிற நீளமான கடை. கடைக்காரர் தன் கடையில் இருக்கிற எதைப் பற்றியும் ஒரு குறை சொல்லாத மனிதர். செத்து மிதக்கிற மீனைக் காட்டினால்கூட, ஓய்வெடுக்கிறது என்பார்.

"மருந்து ஏதாவது ஊத்தலாமா?"

"ஊத்தலாம் டாக்டர். புழு சாகும். கூடவே மீனும் சாகும். மருந்துக்கு யார் என்னன்னு தெரியாது பாருங்க. இதுக்கு ஆள் விடணும். புழுவைத் திங்கற ஆள்."

"ஆள் எப்படி இருப்பார்?"

"கொஞ்சம் ஒல்லியா இருப்பார்" என்று ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார்.

அது நண்டு என்றார். உடம்பு ஒரு வெண்டைக்காய் நுனி அளவுதான். தலை அம்பு மாதிரி கூர். மிச்சமெல்லாம் கால். கம்பி கம்பியாக, உடம்பைவிடப் பல மடங்கு நீளத்தில், முழங்கால் மேலே தூக்கி நிற்கிற கால். பரணில் ஓடுகிற எட்டுக்கால் பூச்சியைத் தண்ணீரில் நனைத்து நீட்டிவிட்டது மாதிரி இருந்தது. டாக்டர் பையை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். ஒரு அருவருப்பைத் துரத்த இன்னொரு அருவருப்பைக் கூட்டி வருகிறோமே என்று வழியெல்லாம் அவளுக்குத் தோன்றிக்கொண்டுதான் இருந்தது.

"வந்துட்டாரா?" என்றார் மாமனார். "வேலை என்ன இவருக்கு?"

"தின்னறது மட்டும்தான் மாமா."

"அடுத்த வீட்டுல வந்து உக்காந்து தின்னறது மட்டும்தான் வேலைன்னா அவரு மாப்பிள்ளைதான்."

"நானும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதான்ப்பா" என்றான் மகன்.

"அனுபவத்துலதான்டா சொல்றேன். உன்னைப் பெத்தவளோட அப்பாகிட்ட நானும் வாங்கிக் கட்டிக்கிட்டவன்."

அன்றிலிருந்து மாப்பிள்ளை.

மாப்பிள்ளை வேலையைத் தொடங்கியதைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் எனக்கு நிம்மதி, ஆனால் அப்புறம் நடந்தது உங்களுக்குப் புரியாது. கல்லின்மேல் கால்களைப் பரப்பி நின்று, ஓர் ஓட்டைக்குள் நீலநுனிக் கொடுக்கை விடும். டாக்டரின் இடுக்கி அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். புழுவின் தலையைப் பிடித்து இழுக்கும். புழு உள்ளே பிடித்துக்கொள்ளும். ரப்பர் மாதிரி நீளும். இன்னும் நீளும். பட்டென்று பிய்ந்து வரும். மாப்பிள்ளை அதை நூடுல்ஸ் மாதிரி கொடுக்கு மாற்றிக் கொடுக்கு மாற்றி வாய்க்குள் தள்ளும். வாய் என்பது கத்தரிக்கோல்கள் நிறைந்த ஒரு பொந்து. அது ஓயாமல் ஆடும். வாயோரத்தில் தொங்குகிற நுனி கடைசிவரை துடித்துக்கொண்டிருக்கும்.

கடைவாய்ப்பல் பிடுங்க வந்து காத்திருந்த ஒரு லாரி டிரைவர் தொட்டித் துணியை விலக்கி இந்த முழுக்காட்சியையும் பார்த்தார். அவர் முறை வந்தது. எழுந்து நின்று, "டாக்டர், எனக்கு வலி நின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இருந்தாலும் புழு குறைந்தது. விளக்கை அணைத்துப் பார்த்தால் முதலில் கொஞ்சம் தலை, அப்புறம் எண்ணி எடுக்கிற தலை, அப்புறம் ஓட்டை வெறும் ஓட்டை. மாப்பிள்ளைக்கு ராஜமரியாதை. காலையில் மாமனார் இறங்கி வந்ததும் முதல் கேள்வி, "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்பதுதான். டாக்டர் தொட்டி மேலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். பழையபடி மறுசோறு கேட்டாள்.

நாற்றம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பஞ்சு சாக்கடை என்று நினைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். எலி செத்திருக்கும் என்று புருஷன் அலமாரிகளை நகர்த்தினான். அழுகல் நாற்றம். அதுவும் இனிப்பு கலந்த அழுகல். நோயாளியின் வாயருகே டாக்டர் குனிந்தால் நோயாளி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு பாட்டுவாத்தியார் அம்மா, பாவம், மிகவும் நாசூக்கானவள், எழுந்து போகும்போது பஞ்சுவின் காதில், "டாக்டரம்மாவையும் யாராவது ஒரு பல் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பஞ்சு அதைச் சொன்னபோது டாக்டர் உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்ந்து பார்த்தாள். தன் வாயில்லை. தலையைத் திருப்பினாள். தொட்டித் தண்ணீர் கஞ்சி நிறத்தில் கலங்கியிருந்தது.

அடுத்த காலை ஷட்டரைத் தூக்கியதும் அவள் கண்ணில் பட்டது கொத்தனாரின் மணல் குவியல். அதன் உச்சியில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தது. புழு தீர்ந்துபோன மாப்பிள்ளை. கொடுக்கில் கொத்தனார். தலை இருந்தது, கண் திறந்திருந்தது, வால் இல்லை. மாப்பிள்ளை வால் பக்கத்திலிருந்து அவசரமில்லாமல் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தது. கொத்தனாரின் வயிற்றிலிருந்து கொஞ்சம் மணல் சரிந்து அதே குவியலின்மேல் விழுந்தது.

மாமனார் படியிறங்கி வந்தார். "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?"



மிச்சமிருந்த மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்று வாங்கின. மஞ்சள் மீன் சாய்ந்து நீந்தியது. "மஞ்சளுக்கு என்ன? ஒரே இடத்துல நிக்கிற மாதிரி இருக்கே" என்றார் மாமனார்.

புருஷன் கையிலிருந்த செல்போனை மேசைமேல் வைத்தான். "போதும். நாளைக்கு ஆளுங்களை வரச் சொல்லிட்டேன். தொட்டியைக் கொண்டுபோயிடுவாங்க. புழுன்னு ஆரம்பிச்சுப் பொணமாயிடுச்சு. இனிமே முடியாது."

மாமனார் சரி என்றார். மாடிக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் போய்ப் பார்த்தபோது கட்டில்மேல் பையைத் திறந்து வைத்து, சட்டைகளைத் தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தார். சில உட்புறம் வெளியே. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கருகிய கைச் சட்டை. அதைக்கூட அவர் தூக்கிப் போடவில்லை. கருகியது என்று அவருக்குத் தெரியாதோ என்னவோ.

அவள் கீழே வந்தாள். ஷட்டரில் விடுமுறை அட்டையை மாட்டினாள். கையுறை போட்டுக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டாள். கலங்கல் தண்ணீர் முழங்கைவரை பிசுபிசுவென்று ஏறியது. வெளியே எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். பஞ்சு வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போய்விட்டாள். டாக்டருக்குக் குமட்டியது. குமட்டக் குமட்ட இன்னொரு முறை முகர்ந்தாள்.

இந்த நாற்றம் அவளுக்குத் தெரியும். செத்த மீனின் நாற்றமில்லை இது. பல்லுக்குப் பாலம் கட்டி, அதன் அடியைச் சுத்தம் செய்யாமலே வருஷம் ஓட்டினவர்களின் வாயைத் திறந்தால் வருமே, அது. சாப்பாடு. இடுக்கில் தங்கி அழுகின சாப்பாடு.

"பஞ்சு, என் தலை விளக்கைக் கொண்டா. வாய்க்கண்ணாடி, கொக்கி, எல்லாம் கொண்டா."

தண்ணீரை இறைத்துக் கல் தலை தெரிகிற அளவுக்குக் குறைத்தார்கள். அவள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கல் ஓட்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். கொக்கியால் நோண்டினாள். வந்தது. சாம்பல் நிறக் களி. நூல் நூலாக இழுபட்டது. அதில் மீன் தீவன உருண்டைகள் ஊறி உப்பி, மேலே வெள்ளைப் பூஞ்சையோடு, முழுசு முழுசாக இருந்தன. அடுத்த ஓட்டை. அங்கேயும் அதே. எந்த ஓட்டையில் புழு இருந்ததோ அந்த ஓட்டையிலெல்லாம் இப்போது இதுதான் இருந்தது. கொக்கி எட்டுகிற தூரம்வரை எடுத்தாள். கல்லோ தேன்கூடு மாதிரி, உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டாள்.

"மீனுக்கு யார் சாப்பாடு போடறது?"

"நான்தான்" என்றார் மாமனார். "காலையில ஒரு தடவை."

"ஒரே தடவைதானா மாமா?"

"போட்டேனான்னு சந்தேகம் வந்தா இன்னொரு தடவை. தின்னுதா இல்லையான்னு எனக்குத் தெரியறதில்லையேம்மா. பட்டினியா கிடந்துடப் போகுதேன்னு."

டாக்டர் புருஷனைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்தான். "அப்பாவுக்குக் கண்ணு தெரியலையே, தண்ணியில விழுந்துச்சோ தரையில விழுந்துச்சோன்னு வேலைக்குப் போறப்ப நான் ஒரு கை போடுவேன்."

"நீ?"

"நான் டீ குடிக்கறப்ப" என்றாள் பஞ்சு. "கண்ணாடிகிட்ட வந்து வாயை வாயைத் திறக்குதுங்க டாக்டரம்மா. அதுங்க பாத்துட்டு நிக்க, நாம மட்டும் எப்படி பிஸ்கட்டை முழுங்கறது?"

"பிஸ்கட்டும் போட்டியா?"

"ஓரத்தை மட்டும்."

"வேற யாரும் போடலையே?"

பஞ்சு கையிலிருந்த பஞ்சை உருட்டினாள். "நீங்க மதியம் சாப்பிட மேல போறப்ப தினம் ஒரு சிட்டிகை போட்டுட்டுத்தான் போவீங்க."

உண்மைதான். சாப்பாட்டுக்கு நடுவில் எதையும் வாயில் போடாதே என்று குழந்தைகளுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறவள், தினமும் படியேறுமுன் ஒரு சிட்டிகை போட்டிருக்கிறாள். யோசித்துச் செய்ததில்லை. கை போயிருக்கிறது.

மாமனார்தான் சிரித்தார். நாள் முழுக்கச் சிரிக்காத மனிதர். "திறந்த வாயைப் பாத்தா உன் கை சும்மா இருக்குமாம்மா?"

இவர்கள் போட்டதில் பாதியை மீன் தின்றது, மீதியைப் புழு தின்றது. போடப் போடப் புழு பெருத்தது. புழுவை மாப்பிள்ளை தின்றபின், மீதியைத் தின்ன ஆளில்லாமல் அது அங்கேயே கிடந்து அழுகியது. டாக்டருக்கு இது புரிந்தபோது சந்தோஷம் வரவில்லை. அடுத்தது என்ன என்பதும் கூடவே தெரிந்துவிட்டது.

"மேலாப்புல நான் எடுத்துட்டேன். தண்ணியை மாத்திடலாம். உள்ள இருக்கறதை எடுக்க என் கொக்கி எட்டாது. அங்க போய் வரக்கூடியது ஒண்ணுதான் இருக்கு" என்றாள். பிறகு எச்சிலை விழுங்கிக்கொண்டு, "புழு வேணும்" என்றாள்.

"என்னது?" என்றான் புருஷன்.

"நாளைக்கு வர ஆளுங்களை வேண்டாம்னு சொல்லுங்க. அந்த மூடி போட்ட வாளியை எடுங்க. மாப்பிள்ளையை அவங்க வீட்டுக்கு அனுப்பணும்."

கடைக்காரர் வாளியைத் திறந்து பார்த்தார். "ஏன், சரியா சாப்பிடலையா?"

"சாப்பிட்டார். எல்லாரையும் சாப்பிட்டார். எனக்குப் புழு வேணும்."

"புழு?"

"நான் எதுக்காக இவரைக் கூட்டிட்டுப் போனேனோ அதே புழு."

கடைக்காரர் முகத்தில் சிரிப்பு வந்து பாதியில் நின்றது, அவள் முகத்தைப் பார்த்து. தொட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை இழுத்தார். கல்லைக் கழுவும்போது பொறுக்கிப் போட்டவை. "குப்பையில கொட்ட வெச்சிருந்தேன். நல்ல ஆரோக்கியமான புழு டாக்டர், குறையே சொல்ல முடியாது. எவ்வளவு வேணும்?"

"என்னைக் கேக்காதீங்க. போடுங்க."

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. கடைக்காரர் கட்டிக்கொடுத்த பையை மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர்ப் பையின் குளிர்ச்சி புடவை வழியாகத் தொடையில் இறங்கியது. உள்ளே நெளிவதும் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஆசையாக, "மீனா?" என்றாள்.

"இல்லைங்க."

அந்த அம்மா குனிந்து உற்றுப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.

வீட்டில் தண்ணீரைப் பெரும்பாலும் மாற்றிவிட்டிருந்தார்கள். மகன் வாளி சுமக்க, மாமனார் உப்புக் கலந்து நாக்கில் தொட்டுப் பார்த்துச் சரி சொன்னார். டாக்டர் தன் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டை வாசலில் விட்டாள். ஒன்று இடுக்கியைச் சுற்றிக்கொண்டு மேலேறியது. அவள் தோள் குலுங்கியது. பஞ்சு உடனே மோவாய்க்குக் கீழே கிண்ணத்தைப் பிடித்தாள். நோயாளிகளிடம் டாக்டர் பேசுகிற அதே குரலில், "மூக்கால மூச்சு விடுங்க. அவ்வளவுதான். இதோ முடிஞ்சுது" என்றாள். கிண்ணம் வீணாகவில்லை.

தீவன டப்பா அன்றே டாக்டரின் மேசை டிராயருக்குள் போயிற்று. பல் அடைக்கிற பொடியை அளக்கும் சின்னக் கரண்டி ஒன்று மாமனாருக்குக் கொடுக்கப்பட்டது. காலையில் அதில் ஒன்று, விரலால் தடவி மட்டம் பார்த்து, அவர் மட்டும் போடலாம். மற்றவர்கள் தொட்டிப் பக்கம் வாயைத் திறந்த மீனைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகவேண்டும். பஞ்சு டீயைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டாள்.

கலங்கல் தெளிய நாளாயிற்று. நாற்றம் அதற்குமுன்பே போய்விட்டது. மஞ்சள் மீன் நிமிர்ந்தது. ஆரஞ்சு ஜோடியில் ஒன்று பிழைக்கவில்லை. கொத்தனாரின் குவியல் அப்படியே இருக்கிறது, குழந்தைகள் கேட்டால் பஞ்சு ஏதாவது பேச்சை மாற்றுவாள். மாமனாரின் பை பரணுக்குப் போயிற்று. சட்டைகளை அலமாரியில் அடுக்கும்போது டாக்டர் அந்தக் கருகிய கைச் சட்டையை மட்டும் எடுத்துக் கிழித்து, தொட்டியடியில் சிந்துகிற தண்ணீர் துடைக்கப் போட்டாள்.

ஆனால் ஒரு வேலை அவள் தலையில் விழுந்தது, அதை வேறு யாருக்கும் தள்ள முடியவில்லை. புழு பெருத்தால் தீவனம் அதிகம் என்று அர்த்தம். அளவாக இருந்தால் எல்லாம் நலம். அதை யாராவது பார்த்துச் சொல்லவேண்டும். மாமனாருக்குக் கண்ணில்லை. புருஷன் அந்தப் பக்கமே வரமாட்டான். ஆகவே தினமும் காலையில், தொட்டி விளக்கைப் போடுமுன், இருட்டில் அவள் குனிந்து சின்ன டார்ச்சை அடித்துப் பார்க்கிறாள். ஓட்டையிலிருந்து தலை வரும். மயிர் அசையும். உடம்பு சுருங்கி விரியும். பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பழகவில்லை.

மாமனார் கரண்டியோடு பின்னால் நிற்பார். "இருக்காங்களாம்மா?"

"இருக்காங்க மாமா."

"எப்படி இருக்காங்க?"

"கேவலமா இருக்காங்க" என்பாள். விளக்கைப் போட்டுவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முதல் நோயாளியைக் கூப்பிடப் போவாள்.